ரெக்கார்டர்ல பேட்டரி டைப் எத வைக்கணும்? வர்ணிப்பு பாதில நின்னு போச்சு

ரங்கூன் தம்பி:
வணக்கம் அண்ணே எல்லாருக்கும். பர்மாவுல தட்டோன் ஊர்ல எங்க பெரியப்பா பூசாரி, உடுக்கையடிச்சு அங்காளம்மன் வர்ணிப்பு முழுசா பாடுவாரு, எழுதி வச்சது எதுவும் கெடையாது எல்லாம் மனப்பாடம், இப்ப குரல் வேற தேஞ்சுக்கிட்டே வருது அதனால பதிவு பண்ணிரலாம்னு போனேன். கைல புடிக்கிற ரெக்கார்டர், மைக் சத்தத்த ஏத்திக் குடுக்குற பிரீஆம்ப் உள்ளயே இருக்கு, ரெண்டு டபுள்ஏ செல்லு, சார்ஜ் ஏத்துற நிக்கல் ஹைட்ரைடு. கண்டென்சர் மைக் ரெண்டு, அதுக்கு ஃபாண்டம், அதாவது ரெக்கார்டரே ஒயர் வழியா மைக்குக்கு அனுப்புற கரன்ட்டு, 48 வோல்ட். ஆன் பண்ணும்போதே பேட்டரி பாதிதான் காட்டுச்சு, 20 நிமிஷத்துல ஆஃப். பெரியப்பா கண்ண மூடி பாடிக்கிட்டே இருக்காரு, நிறுத்தச் சொல்ல வாய் வரல. மெனுல ஆல்கலைன், நிக்கல், லித்தியம்னு மூணு இருக்கு, ஆல்கலைன்ல வச்சிருந்தேன். மாத்துனா நேரம் கூடுமா?

மோல்மீன் சவுண்டு செட்:
தம்பி கண்டிப்பா மாத்துங்க, ஆனா அதனால மட்டும் நேரம் கூடிராது. புது ஆல்கலைன் 1.5 வோல்ட்டுக்கு மேல ஆரம்பிச்சு சரிஞ்சுக்கிட்டே வரும், 1.2க்கு வந்தா அது பாதி காலின்னு அர்த்தம். நிக்கல் செல்லு முக்காவாசி நேரம் 1.2லயே நின்னு கடைசில பொசுக்குன்னு விழும். அதான் முழு சார்ஜயும் பாதின்னு காட்டுது. அந்த செட்டிங் பெரும்பாலும் பேட்டரி எவ்வளவு இருக்குன்னு சரியா காட்டுறதுக்குத்தான். 20 நிமிஷத்துல போகுதுன்னா செல்லுலதான் கோளாறு.

பழைய ரேடியோ ரிப்பேர்:
மேல சொன்னது சரி. ஃபாண்டத்தையும் பாருங்க. மைக்குக்கு 3 மில்லியாம்ப்னு வைங்க, ரெண்டுக்கு 6. ஆனா 2.4 வோல்ட்ட 48 ஆக்குறதுன்னா இருவது மடங்கு ஏத்துறது, அப்ப செல்லுகிட்டருந்து இருவது மடங்கு கரன்ட்டு இழுக்கும், 120, அதோட சேதாரமும் சேத்தா 150 மில்லியாம்ப் வரைக்கும் ஆகும். இது ரெக்கார்டர் சொந்தமா திங்கிறது இல்லாம தனி. செல்லு பழசுன்னா உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும், இந்த இழுப்புல வோல்ட்டு படுத்துரும்.

சும்மா மீட்டர் வச்சுப் பாக்காதீங்க, செத்த செல்லும் 1.25 காட்டும். ஒவ்வொரு செல்லா சின்ன டார்ச் பல்பு ஒண்ண எரியவிட்டு, எரியும்போதே டிசி வோல்ட்டுல வச்சு அளங்க. மீட்டர ஆம்ப்ல வச்சு செல்லு மேல வச்சிராதீங்க, அது ஷார்ட்டுதான். ரெண்டுல ஒண்ணு மட்டும் ஒரு வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா திருடன் அவன்தான்.

இன்னொண்ணு, உடுக்கைக்கு எதுக்குப்பா கண்டென்சர்? அந்தச் சத்தத்துக்கு டைனமிக் மைக் தாராளம், அது ஃபாண்டம் கேக்காது. குரலுக்கு மட்டும் கண்டென்சர் வைங்க, 150 பாதியாயிரும். மைக் 24லயும் ஓடும்னு அதோட பேப்பர்ல போட்டிருந்தா மட்டும் 24க்கு எறக்குங்க, இல்லன்னா சத்தம் உடையும்.

பெகு அண்ணன்:
பவர் பேங்க்கும் பையில வச்சுக்கங்க. சிலது கரன்ட்டு கம்மியா இழுத்தா தானா ஆஃப் ஆயிரும், வீட்டுலயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க.

ரங்கூன் தம்பி:
அண்ணே அளந்துட்டேன். பல்பு எரியும்போது ஒண்ணு 1.22, இன்னொண்ணு 0.91, பல்பே மஞ்சளா மங்கிப்போச்சு. காரணமும் புரிஞ்சுது, என் சார்ஜர் ரெண்டு செல்லயும் சோடியாத்தான் ஏத்தும், இங்க கரன்ட்டு போய்ப் போய் வர்றதுல எது நெறஞ்சுது எது நெறயலன்னே தெரியாம எடுத்துட்டு ஓடியிருக்கேன். இப்ப தனித்தனியா ஏத்துற சார்ஜர் ஒண்ணு இரவல் வாங்கி நாலு புது செல்லு போட்டு, நிக்கல்னு மாத்தி, ஒரு கண்டென்சர் ஒரு டைனமிக்கோட ஓட்டுனேன். ரெண்டரை மணி நேரம் ஆச்சு, இன்னும் ஓடுது. சோடி மாறாம இருக்க தங்கச்சியோட நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சிருக்கேன், ஒண்ணாம் சோடி செவப்பு, ரெண்டாவது ரோஸு. வெள்ளிக்கிழம ராத்திரி தட்டோன் போறேன். பெரியப்பா திரும்பவும் மொதல்லருந்து பாடுறேன்னு சொல்லிட்டாரு.