செபென்சா 31 மேக்னகட்: 500 டாலருக்குத் தகுமா? லாக் எவ்வளவு தாங்கும்?

மலைச்சாரல்:

வணக்கம் நண்பர்களே. கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா 31 மடக்குக் கத்தி, பெரிய சைஸ், மேக்னகட் என்ற ஸ்டீலில் பிளேடு, டைட்டானியம் கைப்பிடி. விலை 500 டாலரை ஒட்டி வருகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக மனம் அல்லாடுகிறது. இருப்பது கொலராடோவில், டென்வர் பக்கம். வார இறுதியில் மலையேற்றம், கூடாரம் போட்டுத் தங்குவது, மற்ற நாட்களில் அட்டைப்பெட்டி பிரிப்பது, தோட்டத்தில் கயிறு அறுப்பது, ஆப்பிள் நறுக்குவது, கத்திக்கு என்னிடம் இவ்வளவுதான் வேலை. இப்போது பாக்கெட்டில் இருப்பது சிவிவி எலிமென்டம் கத்தி, டி2 ஸ்டீல், லைனர் லாக் (திறந்த பிளேடு மடங்காமல் கைப்பிடிக்குள் ஒரு தகடு பிடித்துக்கொள்ளும் வகை). பெரிய குறை என்று எதுவும் இல்லை, ஈரத்தில் இருந்தால் பிளேடில் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது, அவ்வளவுதான்.

மேக்னகட் மேக்னகட் என்கிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு நல்ல ஸ்டீலா, இல்லை பெயருக்குத்தான் காசா? டைட்டானியம் கத்தி ஸ்டீலைவிட மென்மையான உலோகம், அதில் செய்த ஃப்ரேம் லாக் (கைப்பிடித் தகடே லாக்காக இருப்பது) அழுத்தத்தைத் தாங்குமா, திடீரென்று மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடாதா? அப்புறம், இதே மேக்னகட் ஹோக் நிறுவனத்தின் டெக்கா கத்தியில் 150 டாலர் அளவில் கிடைக்கிறதே, மிச்சப் பணம் எங்கே போகிறது?

உலைக்களம்:

ஸ்டீலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மேக்னகட்டை வடிவமைத்தவர் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர், 2021இல் சந்தைக்கு வந்தது. உங்கள் டி2வில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, ஆனாலும் துருப்பிடிக்கிறது. மேக்னகட்டில் 10.7 சதவீதம்தான், ஆனால் உப்புக்காற்றில்கூட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. காரணம், டி2வில் கார்பன் அதிகம், குரோமியத்தில் பெரும்பங்கு அந்தக் கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துகளாகிவிடுகிறது, அப்படிக் கட்டுண்டு போன குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. போதாததற்கு அந்தக் கார்பைடுகள் பெரிது பெரிதாக இருக்கும், மெல்லிய விளிம்பில் சில்லு பெயர்வது பெரும்பாலும் அங்கிருந்துதான். மேக்னகட்டில் வனேடியமும் நியோபியமும்தான் கார்பனை எடுத்துக்கொள்கின்றன, குரோமியம் கரைந்த நிலையிலேயே மிஞ்சுகிறது. ஸ்டீலை முதலில் பொடியாக்கிச் சேர்க்கும் பொடி உலோக முறையில் செய்வதால் கார்பைடும் நுணுக்கமாக, சீராகப் பரவியிருக்கும்.

ஆனால் ஒன்று. வெறும் அட்டைப்பெட்டியை மட்டும் அறுத்துப் பார்த்தால் டி2வுக்கும் இதற்கும் நீங்கள் எதிர்பார்க்கிற அளவு வித்தியாசம் தெரியாது. கூர் நீண்ட நாள் நிற்பதுதான் வேண்டும் என்றால் எம்390, எஸ்90வி போன்ற ஸ்டீல்கள் எல்லாம் மேக்னகட்டுக்கு முன்னே நிற்கின்றன. மேக்னகட்டின் பலம், துரு, சில்லு, கூர் மூன்றிலும் ஒரே நேரத்தில் நல்ல மதிப்பெண் வாங்குவது. அதுவும் ஹீட் ட்ரீட்மென்ட் (ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) ஒழுங்காக இருந்தால்தான். கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 62 முதல் 64 வரை கொண்டுவந்தால் அருமை, 60க்குக் கீழே விட்டுவிட்டால் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை. ஆகவே பெட்டியில் மேக்னகட் என்று போட்டிருப்பதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள், எத்தனை ராக்வெல் என்று விற்பவரிடம் கேளுங்கள். தீட்டுவதற்கு வைரக்கல் வைத்துக்கொள்ளுங்கள், வனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லைவிடக் கடினம்.

திருகாணி:

லாக் பற்றி விரிவாக எழுத வேண்டும் போலிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பயம் எல்லோருக்கும் வருகிறது.

ஃப்ரேம் லாக்கை மடக்குக் கத்திக்குக் கொண்டுவந்தவரே கிறிஸ் ரீவ்தான். தென்னாப்பிரிக்காக்காரர், 1989இல் அமெரிக்கா வந்து ஐடஹோ மாநிலம் பாய்சியில் பட்டறை போட்டார். கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே வெட்டு கொடுத்து, அந்தத் துண்டு உள்பக்கம் வளைந்து பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் உட்காரும்படி செய்வதுதான் அது. லைனர் லாக்கில் மெல்லிய தகடு, இதில் முழுத் தடிமன். கத்தியை இறுக்கிப் பிடிக்கும்போது நம் விரல்களே அந்தத் துண்டை உள்ளே அழுத்துகின்றன, அதனால் பிடி இறுகினால் லாக்கும் இறுகும்.

டைட்டானியம் மெது என்று நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் அதனால் வருகிற தொல்லை கத்தி திடீரென்று மடங்குவது கிடையாது. நாளாவட்டத்தில் அந்த முகம் தேயும், அப்புறம் டைட்டானியம் ஸ்டீலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், மடக்கும்போது விடாது. மற்ற நிறுவனங்கள் அந்த இடத்தில் ஒரு ஸ்டீல் துண்டைத் திருகி வைக்கின்றன. செபென்சா 31இல் சிறிய செராமிக் பந்து ஒன்றைப் பதித்திருக்கிறார்கள், பிளேடைத் தொடுவது அந்தப் பந்துதான், தேய்வதும் ஒட்டுவதும் ரொம்பக் குறைந்துவிடுகிறது.

வெறும் பலம்தான் வேண்டும் என்றால் கோல்ட் ஸ்டீல் வாங்குங்கள், அதில் ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ட்ரை-ஆட் என்ற லாக், 100 டாலருக்குள்ளேயே மாடல்கள் உண்டு. எடை தொங்கவிட்டுச் சோதித்தால் செபென்சா அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கயிறு அறுக்கவும் ஆப்பிள் நறுக்கவும் அந்தப் பலம் எதற்கு? அழுத்தம் எல்லாம் விளிம்புப் பக்கம்தான் போகிறது, அதைத் தாங்குவது லாக் அல்ல, திறந்த பிளேடு முட்டி நிற்கிற ஸ்டாப் பின். முதுகுப் பக்கம் அழுத்தம் விழுகிற வேலை, மரத்தில் குத்தித் திருகுவது மாதிரி, எந்த மடக்குக் கத்திக்கும் கொடுக்கக்கூடாது.

கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை: திறந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். லாக் துண்டு பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் நன்றாக ஏறியிருக்க வேண்டும், மறுபக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் புதுக் கத்தி என்றாலும் வேண்டாம். பிளேடை மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஆட்டமே இருக்கக்கூடாது. முதுகை மெல்ல அழுத்துங்கள், விரல்களைப் பிளேடு மடங்கும் பாதையில் வைக்காமல். மேஜையில் முதுகை ஓங்கித் தட்டிச் சோதிக்கிற வீடியோக்களைப் பார்த்து அதைச் செய்துவிடாதீர்கள், நல்ல லாக்கையும் அது கெடுத்துவிடும்.

கொலராடோக்காரன்:

எல்லாம் சரி, யாரும் சட்டத்தைச் சொல்லவில்லையே. பெரிய செபென்சாவின் பிளேடு 3.6 அங்குலம். கொலராடோ சட்டத்தில் 3.5 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள கத்தியை மறைத்து எடுத்துச் செல்வது குற்றம், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கொண்டு போவதற்கு விலக்கு உண்டு. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிற கத்தி அந்த விலக்கில் வருமா என்று போலீஸ்காரரிடம் வாதாட வேண்டியிருக்கும். எதற்கு வம்பு? சின்ன செபென்சா 3 அங்குலத்துக்குள் வருகிறது, ஆப்பிளுக்கும் அட்டைக்கும் தாராளமாகப் போதும்.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் இருக்கிற நம்மவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஆர்டர் போட்டுவிடக்கூடாது, அதற்காகச் சொல்கிறேன். இங்கே தகுந்த காரணம் இல்லாமல் வெளியே கொண்டு போகலாம் என்றால் அது லாக் இல்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மட்டும்தான். லாக் இருந்தால் சின்னதாக இருந்தாலும் சலுகை கிடையாது.

மலைச்சாரல்:

3.5 அங்குல விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. அப்படியானால் பெரியது வேண்டாம். ஆனால் விலைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சின்ன செபென்சாவும் மலிவு இல்லையே?

திருகாணி:

மலிவு இல்லைதான். என்னிடம் சின்னது இருக்கிறது, டெக்காவும் இருக்கிறது, இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். நறுக்குவதில் டெக்கா ஒன்றும் சளைத்ததில்லை, எடையும் குறைவு. செபென்சாவில் கூடுதல் காசு போவது பொருத்தத்துக்கு. பிளேடு சுழல்கிற இடத்தில் பால் பேரிங் கிடையாது, பாஸ்பர் வெண்கல வாஷர். அதனால் உதறினால் பறந்து திறக்காது, ஒரே சீரான இழுவையோடு கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நிதானமாகத் திறக்கும். பிளேடு சுழல்கிற பிவட் திருகை முழுதாக இறுக்கினாலும் பிளேடு முறுக்கிக்கொள்ளாது, நடுவிலேயே நிற்கும், மற்றக் கத்திகளில் கால் திருப்பு கூடினாலே இறுகிவிடும். நாமே பிரித்துக் கழுவி மாட்டலாம், அதற்கான ஆலன் சாவியைப் பெட்டியிலேயே தருகிறார்கள், பிரித்ததால் வாரண்டி போகாது. மலையில் மணலும் சேறும் ஏறி வருகிற கத்திக்கு இது பெரிய விஷயம். இடக்கைக்காரர்களுக்கு லாக்கை மறுபக்கம் வைத்தும் செய்கிறார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு 300 டாலர் பெறுமா என்றால், கத்தியைப் பிரித்துத் துடைத்து மாட்டுவதில் உங்களுக்கு ஆசை உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் டெக்காவே வாங்குங்கள், துருப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். வாங்கினால் அங்கீகரிக்கப்பட்ட கடையில் மட்டும் வாங்குங்கள். செபென்சாவுக்குப் போலிகள் ஏராளம், படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கொலராடோக்காரன்:

இன்னொரு வழியும் இருக்கிறது. டென்வரிலிருந்து கோல்டன் ஊர் பக்கம்தான், ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சொந்தக் கடை அங்கேயே இருக்கிறது. அவர்களுடைய பாரா மிலிட்டரி 2 கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிளேடு 3.5க்குள்தான். அதன் லாக் கம்ப்ரெஷன் லாக் என்ற வகை, அதுவும் ஸ்டீல் மேல் ஸ்டீல் உட்காருவது, விடுவிக்கும்போது விரல் பிளேடின் பாதையில் வராது. விலை இரண்டுக்கும் நடுவில். மூன்று கத்தியையும் பிடித்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மலைச்சாரல்:

சனிக்கிழமை கோல்டன் போகிறேன். முதலில் அங்கே பாரா 2, பிறகு சின்ன செபென்சா வைத்திருக்கிற கடை. திருகாணி சொன்ன லாக் சோதனையை இரண்டிலும் செய்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.