‘பிராக்டீஸ் ஏரியா’வுக்கு ஒரு சொல்: பயில்வெளி

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விமானப் பயிற்சிக் கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்காக, ‘பிராக்டீஸ் ஏரியா’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளுள் ‘பயிற்சிப் பகுதி’, ‘பயிற்சிக் களம்’, ‘பயிற்சி வான்பரப்பு’ ஆகிய மூன்றுக்கும் ஆதரவு இருந்தது. மூன்றையும் கையேட்டின் வாக்கியங்களில் இட்டுப் படித்துப் பார்த்தேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்லி, நான்காவதாகப் ‘பயில்வெளி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

விமானம் ஓட்டக் கற்பவர் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவு விலகிச் சென்று, அதிகச் சாய்வில் வட்டமிடுதல், மிகக் குறைந்த வேகத்தில் பறத்தல், இறக்கைகள் ஏற்றவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்குள் சென்று மீளுதல், எஞ்சின் நின்றுவிட்டதாகக் கொண்டு இறங்குமிடம் தேடுதல் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிற இடமே நமக்கு வேண்டிய பொருள். அந்த இடம் தரையில் இல்லை. அது வானத்தின் ஒரு துண்டு. அதற்கு நான்கு பக்கங்களோடு அடிமட்டமும் மேல்மட்டமும் உண்டு.

இதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஸ்டால் பழகும்போது நிலத்துக்கு மேல் 1,500 அடிக்குக் குறையாத உயரத்திலேயே மீட்சி முடிந்துவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பயிற்சி முறை. உயரமானியோ கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்டுமாறு அமைக்கப்பட்டிருக்கும். கீழே உள்ள நிலமே 2,400 அடி உயரத்தில் இருந்தால், மாணவரின் அடிமட்டம் உயரமானியில் 3,900 அடி. அதே இடத்தில், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை வழங்கப்படும் கட்டுப்பாட்டு வான்வெளி 4,500 அடியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அவருக்கு மிஞ்சுவது 600 அடி மட்டுமே. வரைபடத்தில் விசாலமாகத் தெரிந்த இடம் உண்மையில் ஒரு தட்டைப் பெட்டி. ஸ்டால் பழக அது உதவாது. ‘பகுதி’, ‘களம்’, ‘பரப்பு’ ஆகிய மூன்றும் நீள அகலத்தை மட்டும் நினைவூட்டி உயரத்தை மறக்கச் செய்கின்றன என்பதே என் முதன்மையான தடை. புதிய இடத்துக்கு வந்த விமானிகள் எளிதில் தவறவிடுவதும் இந்த மேல்மட்டத்தைத்தான்.

‘வெளி’ என்ற சொல்லில் அந்தக் குறை இல்லை. வான்வெளி, விண்வெளி, வெட்டவெளி என்று வழங்கும்போதே நாம் கொள்ளளவைத்தான் குறிக்கிறோம். ‘பயில்’ என்ற வினையடியைச் சேர்த்தால், ஓடுபாதை, ஆடுகளம் போன்று இயல்பான வினைத்தொகை கிடைக்கிறது. எங்கே ஒற்று மிகும் என்ற ஐயமும் எழாது. பயிலுதல் என்பதற்குக் கற்றல் என்பதோடு அடிக்கடி நிகழ்தல், பழகுதல் என்ற பழைய பொருள்களும் உண்டு. ஒரே செயல் நாள்தோறும் நடக்கும் இடத்துக்கு அவையும் பொருந்தி வருகின்றன. நண்பர் ஒருவர் சுருக்கமாக இருக்கட்டுமே என்று ‘பயில்வான்’ என எழுதியிருந்தார். இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. ஆனால், ‘மாணவர் பயில்வானுக்குள் நுழையுமுன்’ என்று தொடங்கும் வாக்கியத்தை எந்த மாணவராலும் சிரிக்காமல் படிக்க முடியாது.

‘பாதுகாப்பான’ என்ற அடையைச் சொல்லின் பகுதியாகவே ஆக்கிவிடலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பு அந்த இடத்தோடு ஒட்டிப் பிறந்த பண்பு அன்று. அன்றைய காற்றும் மேகமும் போக்குவரத்தும் சேர்ந்து முடிவுசெய்வது. காலையில் தகுந்ததாக இருந்த பயில்வெளி, பாராசூட் வீரர்கள் குதிக்கத் தொடங்கும் பிற்பகலில் தகாததாகிவிடலாம். இதன் மறுபக்கமாக, ‘இடர்’, ‘எச்சரிக்கை’ போன்ற சொற்களையும் தவிர்க்க வேண்டும் என்பேன். விமானப் பயிற்சி மிகுந்து நடக்கும் வான்வெளியை அமெரிக்க வரைபடங்கள் எச்சரிக்கைப் பகுதி என்றும், கனடா ஆலோசனை வான்வெளி என்றும் குறிக்கின்றன. ஆஸ்திரேலியாவிலோ அத்தகைய இடங்கள் பல இடர்ப் பகுதி என்ற தலைப்பிலேயே வெளியிடப்படுகின்றன. ஏதேனும் ஒரு நாட்டின் பெயரை மொழிபெயர்த்தால், மற்ற நாடுகளின் வரைபடத்தை விரிக்கும் தமிழ் வாசகர் குழம்புவார். ‘பயில்வெளி’ செயலை மட்டுமே சொல்வதால் எல்லா இடத்துக்கும் பொருந்தும். வரைபடத்தில் அச்சிடப்பட்டதை ‘அறிவிக்கப்பட்ட பயில்வெளி’ என்றும், பயிற்றுநர் தாமே தெரிந்தெடுத்துக்கொண்டதை வெறுமனே ‘பயில்வெளி’ என்றும் பிரித்து எழுதலாம்.

இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் அத்தியாயம் விரிவாகப் பேசுகிறது என்பதால், சொல் அங்கே எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். பழக்கமில்லாத ஊரில் பயிற்றுநர் 1:5,00,000 அளவுள்ள வரைபடத்தை மேசையில் விரித்துப் பென்சிலால் கோடு இழுக்கிறார். அந்த அளவில் 1 செ.மீ. என்பது 5 கி.மீ.; பென்சில் அரை செ.மீ. விலகினால் தரையில் இரண்டரை கி.மீ. பிசகிவிடும். 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 100 கடல் மைல் (சுமார் 185 கி.மீ.) வேகத்தில் செல்லும் சிறு விமானம் அந்தத் தொலைவை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். காற்றின் கணக்கு இதைவிட முக்கியமானது. 20 நாட் காற்றில் கால் மணி நேரம் வட்டமிட்டுக்கொண்டே இருந்தால், விமானம் 5 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். மாணவரோ ஓரிடத்திலேயே சுற்றியதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே பயில்வெளியைக் காற்று செல்லும் திசையில் நீட்டி வரைந்துகொண்டு, காற்று வரும் பக்கத்து ஓரத்திலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தில் ‘பயிற்சிப் பகுதி’ என்று இட்டால், அடுத்தடுத்து இரண்டு ‘பயிற்சி’ வந்து தட்டுகிறது. ‘பயில்வெளி’யில் அந்தத் தொல்லை இல்லை.

எல்லைகளை ஆறு, இரயில் பாதை, நெடுஞ்சாலை என்று மேலிருந்து பார்த்ததும் அடையாளம் தெரிகிறவற்றைக் கொண்டு வகுத்துக்கொள்வது, எஞ்சின் நின்றால் மிதந்து இறங்கும் தொலைவுக்குள் வெட்டவெளி நிலம் இருக்கிறதா என்று பார்ப்பது, தற்காலிக மாற்றங்களையும் இடையூறுகளையும் விமானிகளுக்குத் தெரிவிக்கும் நோட்டாம் அறிவிப்புகளைப் படிப்பது, உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்பது ஆகியவற்றில் சொற்சிக்கல் ஏதுமில்லை. கடைசியில் சொன்னதை மட்டும் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுவேன். மற்ற பள்ளிகளின் விமானங்கள் எந்த உயரத்தில் எந்தப் பக்கமாக வருகின்றன என்பதை வரைபடம் சொல்லாது.

தொடர்புடைய ஒரு சிக்கலையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை வழங்கப்படும் வான்வெளியையும், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டே நுழையக்கூடிய வான்வெளியையும் முந்தைய வரைவில் ‘கட்டுப்படுத்தப்பட்ட’ என்ற ஒரே அடையால் எழுதியிருக்கிறோம். விமானியைப் பொறுத்தவரை இவை வெவ்வேறானவை. ஒன்றில் கட்டுப்பாட்டாளரோடு பேசி அனுமதி பெறலாம், மற்றொன்றில் கீழே துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சியே நடந்துகொண்டிருக்கலாம். முன்னதைக் ‘கட்டுப்பாட்டு வெளி’ என்றும் பின்னதை ‘வரம்பு வெளி’ என்றும் பிரிக்கலாம். அறவே நுழையக் கூடாததற்குத் ‘தடைவெளி’ என்பது போதும். இந்த மூன்றையும் தொடாமல் வரைவதே பயில்வெளி என்று எழுதும்போது, சொற்கள் ஒரே குடும்பமாக நிற்பதையும் காணலாம்.

இவை வகுப்பறைக்கும் புத்தகத்துக்கும் உரிய சொற்கள்; வானொலியில் அங்கங்கே வழங்கும் சொல்லையே மாணவர் பேச வேண்டும் என்ற குறிப்பை அத்தியாயத்தின் தொடக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

மேல்மட்டத்தைக் ‘கூரை’ என்று சொல்லலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வானிலைப் பகுதியில் மேகத்தின் அடிப்புற உயரத்துக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘உச்ச வரம்பு’ என்று எழுதலாமென்றால், ‘வரம்பு வெளி’யோடு மோதுகிறது. இதற்கு வேறு சொல் தோன்றினால் தெரிவியுங்கள். அதுவரை வரைவில் ‘மேல்மட்டம்’ என்றே வைத்திருக்கிறேன்.