வடசேரி கோயில் நகைகளைக் காட்சிக்கு வைக்க: பெட்டி, வெளிச்சம், ஈரப்பதம்

கேள்வி (நாஞ்சில்வாசி):
நாகர்கோவிலில் வடசேரி கோயில் நகைகளுக்கு (வடசேரியில் செய்யும் கோயில்பாணி நகைகள்) ஒரு மாதக் கண்காட்சி. ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம், மாங்காய் மாலை, முத்துச்சரம் எல்லாம் உண்டு. வெள்ளியில் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), அரக்கு, கெம்பு (சிவப்புக் கல்). பிளைவுட் அடித்தளம், சிவப்பு வெல்வெட், ஹாலோஜன் விளக்கு, நீல சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் குருணை) என்று திட்டம். பெட்டி 1 × 0.5 × 0.4 மீட்டர். சரியா?

பதில் 1 (கண்ணாடிப்பெட்டி):
நாலுமே மாற வேண்டியது அண்ணாச்சி. பிளைவுட்டிலிருந்து பார்மிக், அசிட்டிக் அமில ஆவி வரும். முத்து சுண்ணாம்புச் சத்து, அரித்துவிடும். பவுடர் கோட்டிங் செய்த இரும்போ கண்ணாடியோ போடுங்கள். வெல்வெட்டின் சாயத்தில் கந்தகம் இருந்தால் வெள்ளி கறுக்கும். சாயமில்லாத பருத்தித் துணியை அலசிக் காயவைத்து விரியுங்கள். ரப்பர், கம்பளி பக்கத்திலேயே வேண்டாம்.

ஹாலோஜன் சூட்டில் அரக்கு இளகும், கல் ஆடும். 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) எல்.இ.டி., சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல், ஆர்9 (அடர் சிவப்பைக் காட்டும் அளவு) மதிப்பும் நன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் கெம்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும். விளக்கு பெட்டிக்கு வெளியேதான்.

நம்மூர் கடல் காற்றுக்கு ஜெல் கட்டாயம். ஆனால் வறண்ட ஜெல்லை அப்படியே வைத்தால் முத்தும் பட்டு நூலும் வறண்டு விரிசல் விடும். முதலில் 45–50% ஈரப்பதத்துக்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்துங்கள். கன மீட்டருக்கு 20 கிலோ கணக்கு. உங்கள் பெட்டி 0.2 கன மீட்டர், ஆக 4 கிலோ. ஈரமானியை நம்புவதற்கு முன்: சாப்பாட்டு உப்பைச் சேறு மாதிரி நனைத்து, மூடிய பையில் மானியோடு ஓர் இரவு வையுங்கள். 75% காட்டினால் சரி.

பதில் 2 (பத்துமடங்கு லென்ஸ்):
விவரச்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ‘மாணிக்கம்’ என்று எழுதாதீர்கள். கெம்பு என்பது கண்ணாடியாகவும் இருக்கலாம், செயற்கை மாணிக்கமாகவும் இருக்கலாம். 10 மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழ் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. வளைந்த வரிகள் தெரிந்தால் வெர்னுயி முறைச் (பொடியைச் சுடரில் உருக்கிக் கல் வளர்க்கும் முறை) செயற்கைக் கல். அந்த முறை வெளியானது 1902-இல். ‘இருநூறு வருஷ நகை’யில் அந்த வரிகள் இருந்தால், கல் பிறகு மாற்றப்பட்டது, அல்லது நகைக்கே அவ்வளவு வயசில்லை.

நாஞ்சில்வாசி:
சில துண்டுகள் ஏற்கெனவே கறுத்திருக்கு. சில்வர் டிப்பில் (வெள்ளி துலக்கும் திரவம்) போடலாமா?

பதில் 3 (அரக்குத்தட்டு):
கூடவே கூடாது. திரவம் கல்லின் பின்னால் இறங்கி உள்ளிருக்கும் ரேக்கைக் கறுக்க வைக்கும், அது திரும்பாது. மென்மையான தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்கள், கறுப்பைச் சீட்டில் குறியுங்கள். கையில் பவுடர் இல்லாத நைட்ரைல் உறை. பருத்தி உறையின் நூல் கல் பிடியில் மாட்டும். பழைய முத்துச்சரத்தைத் தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள், நூல் இற்றுப்போயிருக்கும்.