ரிட்டர்ன் பெண்ட் உள்ள பேனல் கதவுக்கு எந்த பஞ்ச் பொருந்தும்?

கேள்வி

மின் பேனல் பெட்டிகளுக்கான கதவுகளை 2 மி.மீ. சி.ஆர்.சி.ஏ. (குளிர்நிலையில் உருட்டிப் பதப்படுத்திய எஃகு) தகட்டில் செய்து தருகிறோம், எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தகட்டிலும் அவ்வப்போது ஆர்டர் வருகிறது. கதவின் நான்கு பக்கங்களிலும் 25 மி.மீ. ஃபிளேஞ்ச் (செங்குத்தாக மடித்த பட்டை) எழும்பி, அதன் விளிம்பு மறுபடி 15 மி.மீ. உட்புறமாகத் திரும்ப வேண்டும்; இந்தத் திருப்பமே ரிட்டர்ன். எங்கள் 100 டன் பிரஸ் பிரேக்கில் (தகடு மடிக்கும் இயந்திரம்) உள்ள நேர் பஞ்சில் (தகட்டை மேலிருந்து அழுத்தும் கருவி) ஃபிளேஞ்சை மடிக்கும்போது, முன்பே மடித்த ரிட்டர்ன் பஞ்சின் உடலில் இடிக்கிறது. ஆகவே கூஸ்நெக் பஞ்ச் (வாத்தின் கழுத்துபோல உடல் உள்வாங்கிய பஞ்ச்) வாங்க எண்ணியுள்ளோம். அதன் கழுத்து எவ்வளவு உள்வாங்கியிருக்க வேண்டும், மெஷினின் அழுத்தத்தை அது தாங்குமா, முனை ஆரம் எவ்வளவு இருக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

மடிக்கும் வரிசையை மாற்றி இதைத் தீர்க்க இயலாது. ஃபிளேஞ்சை முதலில் மடித்துவிட்டால், ரிட்டர்னை மடிக்கும் வேளையில் கதவின் அகன்ற முகம் மேலெழுந்து ரேமில் (பஞ்சைத் தாங்கி இறங்கும் மேற்பகுதி) மோதும். எனவே கூஸ்நெக் வாங்கும் தங்கள் முடிவு சரியானதே.

கழுத்தின் அளவைக் கணக்கிட்டே அறியலாம். 90 பாகை மடிப்பு முடியும் தருணத்தில், ஃபிளேஞ்ச் நீளத்திலிருந்து ரிட்டர்ன் நீளத்தைக் கழித்து 1.41ஆல் வகுத்தால், ரிட்டர்னின் நுனிக்கும் பஞ்ச் முனையின் மையக்கோட்டுக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். தங்கள் கதவில் அது ஏறத்தாழ 7 மி.மீ.; ஃபிளேஞ்ச், ரிட்டர்ன் நீளங்கள் இரண்டையும் கூட்டி 1.41ஆல் வகுத்தால் வரும் 28 மி.மீ. என்பது பஞ்ச் முனையிலிருந்து அந்த நுனி நிற்கும் உயரம். அந்த உயரத்தில் பஞ்சின் உடல் மையக்கோட்டிலிருந்து 7 மி.மீ.க்கும் குறைவாகவே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் பேக்கை (மடித்த தகடு சற்றே விரிந்துகொள்வதை) ஈடுகட்ட ஓரிரு பாகை கூடுதலாக மடிப்பதால் இடைவெளி இன்னும் சுருங்கும். ரிட்டர்னும் ஃபிளேஞ்சும் சம நீளமானால் நுனி மையக்கோட்டையே தொட்டுவிடும் என்பதால், அத்தகைய வேலையும் வருமென்றால் ஆழமான கழுத்தையே வாங்குங்கள். விற்பனையாளரிடம் பஞ்சின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, தங்கள் கதவின் வரைபடத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

மறுமொழி 2

மெஷின் 100 டன் என்பதைவிட, ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை டன் விழுகிறது என்பதே பஞ்சுக்கு முக்கியம். 2 மி.மீ. மைல்ட் ஸ்டீலை (தங்கள் சி.ஆர்.சி.ஏ. இவ்வகையே) வீ 16 டையில் (16 மி.மீ. திறப்புள்ள வீ வடிவப் பள்ளம் கொண்ட அடிக்கருவி) ஏர் பெண்டிங் முறையில் (தகடு பள்ளத்தின் அடியைத் தொடாமல்) மடிக்க மீட்டருக்குச் சுமார் 17 டன் தேவைப்படும், எஸ்.எஸ். தகட்டுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 25 டன் வரை ஆகும். உள்வாங்கிய கழுத்தின் காரணமாகக் கூஸ்நெக்கின் தாங்குதிறன் நேர் பஞ்சைவிட மிகவும் குறைவு. அந்த வரம்பைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பஞ்சின் மீதே பொறித்திருப்பார்கள். 600 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கதவுக்குச் சுமார் 10 டன்னே போதும் என்ற நிலையில், பஞ்ச் இறங்கும் ஆழத்தைத் தவறாக அமைத்தாலோ இரு தகடுகள் ஒட்டிச் சென்றாலோ மெஷினின் முழு வலுவும் அந்தச் சிறு நீளத்தில் இறங்கிக் கழுத்தை உடைத்துவிடும். உடையும் கருவி ஆபரேட்டரின் முகத்துக்கு நேரே தெறிக்கக்கூடும் என்பதால், மெஷினின் அழுத்த வரம்பைக் குறைத்து வைத்துவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கூஸ்நெக்கைக் கொண்டு பாட்டமிங், காயினிங் (தகட்டை டையோடு ஒட்ட அழுத்தி மடிக்கும் முறைகள்) இரண்டையும் செய்யவே கூடாது.

மறுமொழி 3

முனை ஆரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஏர் பெண்டிங்கில் மடிப்பின் உள் ஆரத்தைத் தீர்மானிப்பது வீ திறப்புதான். மைல்ட் ஸ்டீலில் அது திறப்பின் 16 சதவீதம், அதாவது வீ 16க்கு ஏறக்குறைய 2.5 மி.மீ. வரும். 2 மி.மீ. தகட்டுக்கு 1.5 மி.மீ. ஆர முனை பொருத்தமாக இருக்கும். மிகக் கூரான முனை மடிப்பின் உட்புறத்தில் பள்ளம் பதித்துவிடும்.

நான்கு பக்கமும் ரிட்டர்ன் இருப்பதால் ஒரே நீளப் பஞ்ச் உள்ளே மாட்டிக்கொள்ளும். 835 மி.மீ. நீளத்தைத் துண்டுகளாகப் பிரித்த செட்டில், இரு ஓரத்துக்கும் கொம்புள்ள (பக்கவாட்டில் முனை நீட்டிய) 100 மி.மீ. துண்டுகள் இருக்கும். அந்த செட்டாகவே வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எஸ்.எஸ். தகட்டுக்கு வீ 12 டையைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 2

வேண்டாம். வீ 12இல் அழுத்தம் மீட்டருக்கு 33 டன்னை எட்டிவிடும். வீ திறப்பில் 0.7 பங்கு குறைந்தபட்ச ஃபிளேஞ்ச் நீளம் என்பதால், வீ 16க்கு 11 மி.மீ. போதும், தங்கள் 15 மி.மீ. ரிட்டர்ன் அதில் தாராளமாக மடியும்.