காற்றில் கேட்கும் காசு மண்ணுக்குள் கேட்கவில்லை: பழைய முகாம் நிலத்தில் டிடெக்டர் ஓயாமல் ஒலிக்கிறது, உதவுங்கள்

செப்புக்காசு (கேள்வி கேட்பவர்)

அனைவருக்கும் வணக்கம். மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரை எட்டு மாதங்களாகத்தான் கையில் எடுத்திருக்கிறேன். இத்தனை நாளும் உழுத வயல்களில் தேடினேன். அங்கே கருவி ஒழுங்காகவே வேலை செய்தது. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மேய்ச்சல் நிலத்தில் தேட உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். ஒரு காலத்தில் படை முகாம் இருந்த இடம். பிற்காலத்தில் பயிற்சிக் களமாகவும் இருந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கேட்டேன். இப்படி ஓர் இடம் எப்போதாவதுதான் வாய்க்கும். ஆனால் அங்கே போனதும் கருவி என்னைக் கைவிடுகிறது.

முதலாவதாக, நிலத்தின் மேற்குப் பாதியில் 'டிக், டிக்' என்று ஒலி ஓய்வதே இல்லை. அடுத்தது, வலப்பக்கம் வீசி முடிக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கீச்சொலி வருகிறது. அங்கே தோண்டினால் ஒன்றும் கிடைப்பதில்லை. மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. வெள்ளிக்காசுக்குரிய உயர்ந்த ஒலி கேட்கிறது. மகிழ்ச்சியோடு தோண்டினால் ஒலி மறைந்துவிடுகிறது. குழியிலும் இல்லை, வெளியே போட்ட மண்ணிலும் இல்லை. நேற்று மட்டும் பதினான்கு குழிகள் இப்படிப் போயின. எல்லாவற்றையும் புல்லோடு திரும்ப மூடிவிட்டேன்.

கையில் வைத்துக் காற்றில் காட்டினால் ஒரு காசு 28 சென்டிமீட்டர் தூரம்வரை கேட்கிறது. அதே காசை அந்த நிலத்தில் 12 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தேன், கேட்கவில்லை.

கருவி ஒற்றை அலைவரிசை வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அலைவரிசையில் இயங்கும்) வகை. தண்டின் முனையிலுள்ள உணரும் வட்டு 11 அங்குல டபுள்-டி சுருள். உணர்திறனை முழு அளவில் வைத்திருக்கிறேன். இரும்பு ஒலிக்காதபடி டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் ஒலியை அடைக்கும் அமைப்பை) உயர்த்தியிருக்கிறேன். மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்யும் கிரவுண்டு பேலன்ஸ், வாங்கியபோது இருந்தபடியே இருக்கிறது. சுருள் பழுதாகிவிட்டதா? பழுதுபார்க்க அனுப்பலாமா?

அலைவரிசை

அனுப்பாதீர்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். ஒரே நிலத்தில் ஒன்றாக வந்ததால் கருவிமேல் சந்தேகம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஒலி ஓயாத அந்த மேற்குப் பகுதியிலேயே நின்று, சுருளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அசைக்காமல் பிடியுங்கள். கைப்பேசியை அணைத்துத் தொலைவில் வையுங்கள். குழிக்குள் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவியான பின்பாயின்டரையும் அணைத்துவிடுங்கள். சுருள் அசையாதபோதும் ஒலி தொடர்ந்தால் அது மண்ணின் வேலையில்லை. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல், அல்லது வயர் இணைப்பில் ஏதோ தளர்வு. சுருளை மண்மேல் வீசும்போது மட்டும் ஒலித்தால் மண்ணையும் மண்ணிலுள்ள இரும்பையும் பார்க்க வேண்டும். புல்லிலோ கல்லிலோ சுருள் மோதும்போது மட்டும் ஒலித்தால், சுருளின் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் ஈர மண்ணும் இரும்புத்தாது கலந்த பொடி மணலும் சேர்ந்திருந்தால் இப்படி நடக்கும். வயர் தண்டைச் சுற்றி இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆடும் வயர் பொய் ஒலி தரும்.

இன்னொன்று: அந்த 'டிக்' சீரான இடைவெளியில் வருகிறதா, தாறுமாறாக வருகிறதா? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணிச் சொல்லுங்கள்.

செப்புக்காசு

பார்த்துவிட்டு வந்தேன். சுருளை அசைக்காமல் பிடித்தாலும் 'டிக்' வருகிறது. எண்ணினேன்: ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒன்று, சற்றும் பிசகாமல். கிழக்குப் பக்கம் நடக்க நடக்கக் குறைந்து, நின்றே போகிறது. மூடியைக் கழற்றினேன், கைப்பிடி மண் இருந்தது. கழுவித் துடைத்துவிட்டேன். வயர் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அலைவரிசை

வினாடிக்கு ஒன்று என்றால் மின்வேலி. மாடுகள் வெளியேறாமல் இருக்கக் கட்டும் கம்பிவேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. வினாடிக்கு ஒரு முறை துடிப்பாகப் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பும் உங்கள் சுருளுக்குக் கேட்கிறது. உணர்திறனை முழு அளவில் வைத்திருப்பதால் அதிகமாகவே கேட்கிறது. உரிமையாளரிடம் கேளுங்கள், மாடுகள் இல்லாத நேரத்தில் வேலியை ஓரிரு மணிநேரம் அணைத்துவைக்கச் சம்மதிக்கலாம். முடியாவிட்டால் உணர்திறனைக் குறையுங்கள். அலைவரிசையைச் சிறிது நகர்த்தும் வசதி கருவியில் இருந்தால் அதையும் முயலுங்கள்.

பித்தளைப் பொத்தான்

வலப்பக்கக் கீச்சொலி பற்றி யாரும் சொல்லவில்லையே. காலில் என்ன அணிந்திருக்கிறீர்கள்?

செப்புக்காசு

வேலைத்தள ஷூ. விரல் பகுதியில் எஃகுக் கவசம் உண்டு. வலது காலை முன்னே வைத்துத்தான் வீசுகிறேன். வயல்களில் தேடியபோது ரப்பர் பூட்ஸ் அணிந்திருந்தேன்! இதுவரை இதை நினைத்துப் பார்க்கவேயில்லை.

பித்தளைப் பொத்தான்

உங்கள் சுருள் ஒவ்வொரு முறையும் அந்த எஃகைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. உலோகமில்லாத காலணிக்கு மாறுங்கள். மண்வெட்டியையும் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

இந்தத் தவறு நம் கருவிகளின் தொடக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார்கள்; உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியைச் செய்து கொண்டுபோனார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி, அதிபரின் படுக்கையருகே தெளிவில்லாத ஒலி தந்தது. மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் பெல்லுக்குத் தெரிந்தது. அதோடு, மருத்துவர் தேடச் சொன்னது வலப்பக்கத்தில். செப்டம்பரில் அதிபர் இறந்த பிறகு குண்டு இடப்பக்கம் இருந்தது தெரிந்தது. கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் அதைச் சுற்றி என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து வந்தது.

அலைவரிசை

இனி மூன்றாவது சிக்கல். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முகாம் நிலங்களில் தேடும் எல்லோரும் இதில் தடுமாறுகிறார்கள்.

முகாம் என்றால் ஆணி. கூடாரம், பெட்டி, வண்டி, குதிரை லாடம், எல்லாவற்றிலும் ஆணி. ஒரு சதுர மீட்டரில் பத்து ஆணிகள் கிடந்தாலும் வியப்பில்லை. துருப்பிடித்து வளைந்த ஆணியும் தட்டையான இரும்புத் தகடும் சில கோணங்களில் கருவியை ஏமாற்றி வெள்ளியைப் போல உயர்ந்த ஒலி தரும். நீங்கள் தோண்டும்போது ஆணி புரண்டுவிடுகிறது. புரண்டதும் அது தன் உண்மையான இரும்பொலியைத் தருகிறது. ஆனால் நீங்கள் இரும்பொலியை அடைத்துவைத்திருக்கிறீர்கள்! அதனால் மண்குவியலில் ஆணி கிடந்தாலும் கருவி வாய் திறப்பதில்லை. உங்கள் பதினான்கு குழிகளிலும் ஆணிகள் இருந்திருக்கும்.

எனவே டிஸ்கிரிமினேஷனை முழுவதும் இறக்கிவிடுங்கள். இரும்புக்குத் தாழ்ந்த உறுமலும் மற்றவற்றுக்கு உயர்ந்த ஒலியும் வரும்படி வைத்துக்கொண்டு காதால் பிரித்தறியுங்கள். முதல் ஒரு மணிநேரம் தலை வலிக்கும், பிறகு பழகிவிடும். உயர்ந்த ஒலி கேட்டால், நின்ற இடத்திலிருந்து கால் வட்டம் சுற்றி வந்து, குறுக்கே மறுபடியும் வீசுங்கள். காசு வட்டமானது, எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதே இடத்தில் ஒலிக்கும். ஆணியென்றால் ஒலி உடையும், இடம் மாறும், அல்லது காணாமற்போகும். பின்பாயின்ட் செய்து இடத்தைக் குறிக்கும்போது ஒலியின் உச்சம் ஒரு சாண் தள்ளிப் போனாலும் பெரும்பாலும் இரும்புதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: ஆணிக்குப் பக்கத்திலேயே காசு இருக்கலாம். உறுமலின் நடுவே ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சின்ன உயர்ந்த ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நான் தோண்டிவிடுவேன். இத்தகைய நிலத்தில் 11 அங்குலச் சுருள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆணிகளைப் பார்க்கிறது. 5 அல்லது 6 அங்குலச் சுருள் கிடைத்தால் மாட்டுங்கள். ஆழம் குறையும், ஆணிகளின் இடையிலுள்ளதைத் தனியாகக் காட்டும். வீச்சை மெதுவாக்குங்கள்.

நீங்கள் புதைத்த காசு கேட்காமல் போனதற்குக் காரணம் கிரவுண்டு பேலன்ஸ். மண்ணிலுள்ள இரும்புத்தாதும் சுருளுக்குப் பதில் தருகிறது. அதைக் கருவி கழித்துக்கொள்ள வேண்டும். உலோக ஒலி இல்லாத சிறு இடத்தைப் பிடித்து, சுருளைத் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கும் முப்பது சென்டிமீட்டருக்கும் இடையே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, ஒலி சமமாகும்வரை சரிசெய்யுங்கள். நிலத்தின் வேறு மூலைக்குப் போனால் மீண்டும் செய்யுங்கள். உணர்திறனைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். தாது மிகுந்த மண்ணில் முழு உணர்திறன் மண்ணின் இரைச்சலைத்தான் பெருக்கும். குறைத்தால் ஆழம் கூடுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். காற்றில் கிடைத்த 28 சென்டிமீட்டரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது எந்த மண்ணிலும் கிடைக்காது.

செப்புக்காசு

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாம் பலித்தது! உரிமையாளர் காலை இரண்டு மணிநேரம் வேலியை அணைத்துக் கொடுத்தார். ரப்பர் பூட்ஸ், கிரவுண்டு பேலன்ஸ், இரவல் வாங்கிய 6 அங்குலச் சுருள். ஐந்து ஈயக்குண்டுகள் கிடைத்தன, வெண்மையான பூச்சு படிந்து. இரண்டு பித்தளைப் பொத்தான்கள், ஒன்றில் பின்வளையம் இன்னும் உடையாமல் இருக்கிறது. இன்று, இரண்டு ஆணிகளுக்கு நடுவே, 16 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு வெள்ளிக்காசு! அதைக் கையில் எடுத்தபோது சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக அதைத் தொட்டவர் யாராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த உதவி வேண்டும். மாலையில் மேற்கு மூலையில் மிகப் பெரிய, தெளிவான ஒலி. 35 சென்டிமீட்டரில் ஒரு துருப்பிடித்த உருளை. முன்முனையில் பித்தளைக் கூம்பு. பின்பக்கமாகச் செம்புப் பட்டை ஒன்று, அதில் சாய்ந்த கீறல்கள். பாதி தோண்டியிருக்கிறேன். இருட்டிவிட்டதால் விட்டு வந்தேன். நாளை காலை சேதமில்லாமல் எடுப்பது எப்படி?

முன்னாள் சாப்பர் (படையின் பொறியியல் பிரிவு வீரர்)

எடுக்கக் கூடாது. நாளை காலை அந்தக் குழியருகே போகவும் கூடாது.

நீங்கள் விவரித்திருப்பது பீரங்கிக் குண்டு. பித்தளைக் கூம்பு அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ். செம்புப் பட்டை, பீரங்கிக் குழாயின் உட்புறச் சுழல்வரிகளைக் கவ்விக் குண்டைச் சுழல வைப்பது. பட்டையில் சாய்ந்த கீறல்கள் பதிந்திருக்கின்றன என்றால் அது சுடப்பட்ட குண்டு. சுடப்பட்டு, விழுந்து, முழுதாகக் கிடக்கிறது. பயிற்சிக்கான வெற்றுக் குண்டாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் வேலை உங்களுடையதும் இல்லை, படம் பார்த்துச் சொல்ல என்னுடையதும் இல்லை. வெடிக்காமல் போன ஃபியூஸ் எந்த நிலையில் நின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சில பழைய குண்டுகளில் பிக்ரிக் அமிலம் நிரப்பினார்கள். அது ஈயம், செம்பு போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் உராய்வுக்கே வெடிக்கும் உப்புகளாக மாறும். காலம் போகப்போக ஆபத்து குறையும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இப்போதே காவல்துறையைக் கூப்பிடுங்கள். உரிமையாளரிடம் சொல்லி அந்தப் பக்கம் ஆட்களும் மாடுகளும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண் போட்டு மூடவோ, தண்ணீர் ஊற்றவோ, அடையாளக் கம்பு நடவோ குழிக்குத் திரும்ப வேண்டாம். இடத்தைத் தொலைவிலிருந்து கைகாட்டினால் போதும்.

பயிற்சிக் களம் என்று உங்கள் முதல் பதிவில் படித்தபோதே இதை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தவறு. உலோகம் தேடும் கருவிகள் இவ்வளவு வளர்ந்ததற்கே இதுதான் காரணம்: போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கருவியைக் கொண்டுதான் 1942-இல் எல் அலமைன் போரில் கண்ணிவெடிகளைத் தேடினார்கள். தேடியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அவர்களும் உயிரிழந்தார்கள்.

பித்தளைப் பொத்தான்

சாப்பர் சொல்வதை அப்படியே கேளுங்கள். 2008-இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டுகளைப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வந்த ஒரு சேகரிப்பாளர், தம் வீட்டு முற்றத்தில் ஒரு குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். 140 ஆண்டுகளுக்கும் மேல் பழைய குண்டு. பெல்ஜியத்தில் 2014-இல் முதல் உலகப் போர்க் குண்டு வெடித்துக் கட்டுமானத் தொழிலாளர்கள் இருவர் மாண்டார்கள். கூப்பிட்டதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

செப்புக்காசு

இரவே கூப்பிட்டேன். காலையில் வெடிகுண்டு அகற்றும் குழுவினர் வந்தார்கள். எங்களை வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு, குண்டை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். உள்ளே வெடிமருந்து இருந்தது. சத்தத்தைவிட, காலடியில் மண் அதிர்ந்ததுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. முந்தின நாள் மாலை அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணை மண்வெட்டி முனையால் நான் சுரண்டியிருந்தேன்.

மேற்குப் பாதி முழுவதையும் அவர்கள் சோதித்து முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உரிமையாளர் என்மேல் கோபப்படவில்லை. அவருடைய பிள்ளைகள் அந்த மூலையில் விளையாடுவது வழக்கமாம்.

வெள்ளிக்காசை இன்னும் கழுவவில்லை. மண்ணோடு ஒரு டப்பாவில் இருக்கிறது. பற்பசை போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்களே?

பித்தளைப் பொத்தான்

நீங்கள் நலமாக இருப்பது பெரிய நிம்மதி.

பற்பசை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நுண்துகள் காசின் எழுத்தைத் தேய்த்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள். மண் தானாக இளகும். மிச்சத்தை மூங்கில் குச்சியின் மழுங்கிய முனையால் மெல்லத் தள்ளுங்கள். கறுப்பு நிறம் இருந்தால் இருக்கட்டும். பழங்காசைக் கண்டெடுத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதை இன்றே ஒரு தாளில் குறித்து, டப்பாவோடு சேர்த்து வையுங்கள்.