வீட்டா 3.74-ல் ஹோம்ப்ரூ போட முடியுமா?

கேள்வி: சோனியின் பழைய கையடக்க கேம் கருவியான பிஎஸ் வீட்டா ஒன்று கைக்கு வந்தது, வந்த வேகத்தில் அப்டேட் கேட்டது, கொடுத்துவிட்டேன், இப்போது சிஸ்டம் மென்பொருள் 3.74. தயாரிப்பை 2019-லேயே நிறுத்திய கருவிக்கு 2022-ல் எதற்கு அப்டேட்? ஹோம்ப்ரூ, அதாவது சோனி அனுமதிக்காத, ரசிகர்கள் எழுதிய ஆப்களைப் போட, கருவியின் பூட்டை உடைக்கும் எச்-என்கோர் வேலை செய்யவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில் 1: அறிவிப்பில் என்ன எழுதினாலும் பூட்டை உடைக்க உதவும் ஓட்டையை அடைக்கத்தான் அப்டேட் விடுவார்கள். எச்-என்கோரின் இரண்டாம் பதிப்புகூட 3.73 வரைதான். ஆனால் பயப்பட வேண்டாம், 3.74-க்கு அதே வேலையைச் செய்யும் ஹென்லோ இருக்கிறது, வீட்டாவின் பிரவுசரிலேயே ஓடும்.

பதில் 2: ஹென்லோ ரீபூட் செய்தால் போய்விடும், ஒவ்வொரு முறையும் மறுபடி ஓட்ட வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் என்சோ என்ற நிரல்தான், அது 3.60, 3.65 இரண்டில் மட்டும். அதனால் ஹென்லோ போட்டு, அதன் வழியாக, சிஸ்டம் பதிப்பை மாற்றும் வீட்டாடெப்லாய் ஆப்பை இறக்கி 3.65-க்கு இறங்கிவிடுங்கள். சார்ஜ் நன்றாக இருக்கட்டும், பாதியில் அணைந்தால் கருவி செங்கல்தான், மறுபடி ஓடாது. இன்னொன்று, தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பதிப்புக்குக் கீழே இறங்க முடியாது, அதை முதலில் பாருங்கள்.

கேட்டவர்: சரி, மெமரி கார்டு?

பதில் 2: சோனியின் கார்டு தேவையே இல்லை ப்ரோ. கேம் கார்டு துளையில் மைக்ரோ எஸ்டி கார்டை ஏற்கும் எஸ்டி2வீட்டா அடாப்டர் செருகி, மைக்ரோ எஸ்டியை எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, அதற்கான பிளகினைப் போட்டால் போதும். என்ன, அப்புறம் கேம் கார்டு போட அடாப்டரைக் கழற்ற வேண்டும்.