'கோ மால்' என்றால் மெதுவாகப் போ

போன ஜூனில் நானும் இவரும் அயர்லாந்தில் பத்து நாள் வாடகைக் காரில் சுற்றினோம். அதில் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கெர்ரி மாவட்டத்து டிங்கிளில் கிளம்பி, ஸ்லே ஹெட் முனையைச் சுற்றி, டிங்கிளுக்கே திரும்பி வரும் கடலோரப் பாதை. மொத்தமே 47 கிலோமீட்டர். "மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்" என்றார் இவர். திரும்பும்போது இரவு ஒன்பதரை. அப்போதும் வெளிச்சம் போகவில்லை.

கிளம்பும்போதே தங்கியிருந்த வீட்டம்மா, "கடிகாரம் சுற்றுகிற பக்கமாகவே போங்கள்" என்று சொல்லி அனுப்பினார். சுற்றுலா பஸ்கள் எல்லாம் அப்படித்தான் போகுமாம். எதிர்ப்பக்கமாகப் போனால் குறுகலான வளைவில் அதனோடு முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதில் சிரமம் இல்லை. ரோட்டின் அகலம்தான் பிரச்சினை. இருபக்கமும் ஃபியூஷியா வேலி, ஜிமிக்கி தொங்குகிற மாதிரி சிவப்புப் பூக்கள். ஐரிஷ் மொழியில் இதற்குக் 'கடவுளின் கண்ணீர்' என்று பெயர். எதிரே ஒரு டிராக்டர் வர, இவர் பின்னால் எடுத்து அந்தப் பூக்களுக்குள் ஒதுக்கினார். கரக்! பூவுக்குப் பின்னால் கருங்கல் சுவர் இருப்பது யாருக்குத் தெரியும்? டிராக்டர்காரர் இறங்கி வந்து, சைடு கண்ணாடியின் மேல் விழுந்த கீறலைச் சட்டைக் கையால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "க்ராண்ட்" என்றார். அந்த ஊரில் அதற்கு 'பரவாயில்லை' என்றுதான் அர்த்தம். கார் எடுக்கும்போது நான் முழு இன்ஷூரன்ஸ் போடச் சொன்னதற்கு, காசைக் கரியாக்குகிறேன் என்று மூன்று நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ரோட்டிலேயே வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக 'கோ மால்' என்று எழுதியிருந்தது. "பக்கத்துல ஷாப்பிங் மால் இருக்கு போல" என்றார். சுற்றிலும் ஆடும் பாறையும் கடலும்தான். அது ஐரிஷ் பேசும் பகுதி, ஊர்ப்பலகைகளில்கூட ஆங்கிலம் இல்லை. மெதுவாகப் போ என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

ஓடை ஒன்று ரோட்டின் மேலேயே ஓடும் இடத்தைத் தாண்டி, கல்லை அடுக்கியே தேன்கூடு வடிவில் கட்டிய பழங்காலக் குடிசைகளைப் பார்த்தோம். வாசலில் நின்ற விவசாயி வீட்டம்மாவிடம் சில யூரோ கொடுத்தால் உள்ளே விடுகிறார். எனக்கு அங்கே ஆட்டுக்குட்டிதான் பிடித்தது.

எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது டன்குவின் படகுத்துறை. மலைச்சரிவில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடி சிமென்ட் பாதை. அங்கிருந்து பிளாஸ்கெட் தீவுக்குப் படகில் போவதாகத் திட்டம். மேலே சுவரோரம் நாயோடு உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் இவர் கேட்டார்.

"இன்னைக்குப் படகு போகுமா?"

"போகாது."

"நாளைக்கு?"

"போகலாம்."

"கடல் அமைதியாத்தானே இருக்கு?"

"அமைதியாக இல்லை."

இவர் என்னிடம் தமிழில், "ஒரு யெஸ், நோ சொல்ல மாட்டேங்கிறாரே" என்றார். அந்த இரண்டு சொல் மட்டும் தாத்தாவின் காதில் விழுந்துவிட்டது. சிரித்துவிட்டு, ஐரிஷில் அந்த இரண்டுக்கும் தனிச்சொல்லே கிடையாது, கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டியதுதான், ஆங்கிலம் பேசினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்றார். எங்களுக்கு 'ஆமாம்' இருக்கிறது, ஆனால் "சாப்பிட்டியா" என்றால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வோம் என்றேன். 'சாப்பிட்டேன்' என்பதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய அம்மா அந்தத் தீவில் பிறந்தவராம். தீவில் மருத்துவர் இல்லை, பாதிரியார் இல்லை, கடை இல்லை. புயல் அடித்தால் வாரக்கணக்கில் யாரும் கரைக்கு வர முடியாது. 1947-ல் அப்படி மாட்டிக்கொண்டு, சாப்பிட ஒன்றுமில்லை, உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்திருக்கிறார்கள். 1953 நவம்பரில் கடைசியாக மிஞ்சியிருந்தவர்களையும் அரசு காலி செய்து கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. பலருக்கு டன்குவினிலேயே வீடு. வாசலில் நின்றால் எதிரே, கூரை போன சொந்த வீடு தெரியும். தாத்தா கை நீட்டிய இடத்தில் பச்சைச் சரிவில் சாம்பல் நிறச் சுவர்கள் எங்கள் கண்ணுக்கும் தெரிந்தன. எது அம்மாவின் வீடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜூன் மாதத்திலேயே படகு விட முடியாத கடல் அது.

அப்புறம் கேலரஸ் கல் கோயில். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி, சாந்தே இல்லாமல் அடுக்கிய கற்கள். மழைநீர் வெளியே வடிகிற மாதிரி ஒவ்வொரு கல்லையும் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பின்சுவரில் கையளவு ஜன்னல் ஒன்று, அதன் வழியாக வெளியே வந்தால் பாவம் தீரும் என்று ஐதீகம். இவர் ஜன்னலையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் எதிரே வந்த ஒவ்வொரு காருக்கும் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வணக்கம் சொல்கிறார்கள். டிங்கிளுக்கு வந்தபோது நாங்கள் எட்டிப் பார்த்த பப்களில் எல்லாம் அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

"என்னங்க, பசிக்குதா?"

"பசிக்குது."

துறைமுகத்துக்குப் போய், காகிதத்தில் சுற்றிக் கொடுத்த சிப்ஸைக் காருக்குள் உட்கார்ந்தே சாப்பிட்டோம்.